உஷார்! பேட்ஜைப் பார்த்து மசில் கார் வாங்காதீர்கள்

அட்வான்ஸ் அனுப்பப் போகிறீர்களா? பொறுங்கள். 1970 செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454, செக்கச்செவேல் நிறம், பானட்டில் இரண்டு கறுப்புப் பட்டை. ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைவு. ‘இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்’ என்று விற்பவர் அவசரப்படுத்துகிறார். இப்படி ஒரு கார் உங்கள் கண்ணில் பட்டிருந்தால், அதன் எக்ஸாஸ்ட் உறுமலை வீடியோவில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை பணத்தில் கை வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த மோகம் இருக்கிறது. 2001-இல் வந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ படத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சீறிய அந்தக் கறுப்பு 1970 டாட்ஜ் சார்ஜரைப் பள்ளி வயதில் பார்த்து மயங்கியவர்கள், இன்று கையில் நாலு காசு சேர்ந்ததும் அதைத் தேடுகிறார்கள். தேடட்டும். அந்த வி8 இன்ஜின் ஐடிலில் நின்று குலுங்கும்போது ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு ஏறும் நடுக்கம் எனக்கும் உயிர். என் பயமெல்லாம் வேறு. வீட்டுக்கு முன்பணமாகக் கட்டவேண்டிய தொகையை எஸ்எஸ் அல்லாத சாதாரண ஷெவெல்லான ஒரு மலிபுவுக்கோ, தரைத்தகடு இற்றுப்போன ஒரு மஸ்டாங்குக்கோ கொட்டிவிட்டு நிற்கக்கூடாது என்பதுதான்.

இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று புரிய, மசில் கார் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், நடுத்தர அளவுள்ள தன் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜினைப் பொருத்தக்கூடாது என்று உள்ளுக்குள் ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புதிய மாடல் என்று சொன்னால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும்? டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதாரணக் காருக்கு ஒரு ‘ஆப்ஷன்’ என்று சொல்லி, பெரிய காரின் 389 கன அங்குல இன்ஜினை அதற்குள் இறக்கிவிட்டார்கள். சுமார் 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் 325 குதிரைசக்தி. 1964 ஜிடிஓ அப்படித்தான் வந்தது. முதல் வருடமே 32,450 கார்கள் போயின. அதைப் பார்த்து எல்லா நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின.

இதன் பின்விளைவை அறுபது வருடம் கழித்து நாம் அனுபவிக்கிறோம். பெரும்பாலான மசில் கார்கள் தனிக் கார்களே அல்ல. ஆர்டர் படிவத்தில் போட்ட ஒரு டிக் குறிதான் சாதாரணக் காரையும் அபூர்வக் காரையும் பிரித்தது. உடல் ஒன்று, கதவு ஒன்று, கண்ணாடி ஒன்று. 1964, 65 ஜிடிஓவின் வின் நம்பரைப் படித்தால், நம் ஊரில் சேஸிஸ் நம்பர் என்கிறோமே அதைப் படித்தால், அது ஜிடிஓதானா என்று தெரியாது. லெமான்ஸ் என்றுதான் இருக்கும். 1966-இல் ஜிடிஓவைத் தனி மாடலாக்கிய பிறகுதான் நம்பர் 242 என்று தொடங்கியது.

ஷெவெல் கதை இதைவிட மோசம். 1966 முதல் 68 வரை எஸ்எஸ் 396 கார்களுக்கு 138 என்று தனித் தொடக்கம் இருந்தது. 1969-இல் எஸ்எஸ்ஸை வெறும் ஆப்ஷனாக்கிவிட்டார்கள். ஆகவே எல்லோரும் ஆசைப்படும் அந்த 1970 எல்எஸ்6, 450 குதிரைசக்தி 454 இன்ஜின் கொண்டது, அந்த ஒரு வருடத்தில் 4,475 மட்டுமே செய்யப்பட்டது, அதன் வின் நம்பரும், 307 கன அங்குலச் சின்ன வி8 போட்டுக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்த மலிபு கூப்பேயின் வின் நம்பரும் ஒரே மாதிரி 13637 என்றுதான் தொடங்கும். உண்மையான எல்எஸ்6 ஒன்று உரிய தாள்களோடு ஏலத்துக்கு வந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். சாதாரண மலிபுவின் விலை அதில் ஒரு பகுதிதான். நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தில்தான் மோசடிக்காரன் குடியிருக்கிறான்.

அவனுக்கு வேலையும் சுலபம். எஸ்எஸ் பேட்ஜ், கிரில், பானட், டேஷ்போர்டு மீட்டர்கள், பட்டை அடிக்கும் ஸ்டென்சில் எல்லாமே புதிதாகச் செய்து கேட்லாக்கில் விற்கிறார்கள். பாகங்கள் மட்டுமில்லை, 1969 கமாரோவின் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கும் நிறுவனம் இருக்கிறது. இவையெல்லாம் சட்டப்படியான, நல்ல வியாபாரம். துருவில் போகவிருந்த எத்தனையோ கார்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அதே பேட்ஜை மலிபுவில் ஒட்டி, கிடைத்த ஒரு 454-ஐ உள்ளே வைத்து, இரண்டு கை மாறிய பிறகு ‘ஒரிஜினல் எஸ்எஸ்’ என்று சொன்னால், வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. மூன்றாவது கையில் விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் சத்தியம் செய்து சொல்வார், மனப்பூர்வமாகவே சொல்வார். அவருடைய நேர்மை உங்களைக் காப்பாற்றாது.

மஸ்டாங் தேடுபவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான். 1965, 66 மஸ்டாங்கில் ‘ஜிடி’ என்பது ஒரு ஆப்ஷன் தொகுப்பு. பனி விளக்கு வைத்த கிரில், பின்பம்பரின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் குழல்கள், பக்கவாட்டுப் பட்டை, இவை எல்லாவற்றையும் ஒரு சனி, ஞாயிறில் மாட்டிவிடலாம். எளிதில் மாற்ற முடியாதது ஒன்று உண்டு: வின் நம்பரின் ஐந்தாவது எழுத்து. அது இன்ஜின் கோட். தொழிற்சாலையில் ஜிடி தொகுப்பை ‘ஏ’ அல்லது ‘கே’ கோட் இன்ஜினோடு மட்டும்தான் கொடுத்தார்கள். விளம்பரத்தில் ‘ஜிடி’ என்று போட்டு, நம்பரில் ‘சி’ இருந்தால் அது சாதாரண 289. ‘டி’ (T) இருந்தால் ஆறு சிலிண்டர் காராகப் பிறந்தது. ஒரே ஒரு எழுத்து. போன் எடுத்துக் கேளுங்கள், நம்பரின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த விளம்பரத்தை அத்தோடு விட்டுவிடுங்கள்.

1967 மாடல் முதலான ஃபோர்டு வாங்குபவர்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகள் கெவின் மார்ட்டி என்பவரிடம் உள்ளன. வின் நம்பரைக் கொடுத்துக் கொஞ்சம் பணம் கட்டினால் அந்தக் கார் எந்த இன்ஜினோடு, எந்த நிறத்தில், என்னென்ன ஆப்ஷனோடு பிறந்தது என்று ‘மார்ட்டி ரிப்போர்ட்’ வந்துவிடும். பான்டியாக்குக்கு பிஎச்எஸ் எனப்படும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் அதே உதவியைச் செய்கிறது. 1964 ஜிடிஓ வாங்குகிறவர் அந்தத் தாள் இல்லாமல் ஒரு டாலரும் கொடுக்கக்கூடாது. செவர்லேவுக்கு இந்த வசதி கிடையாது. கனடாவில் விற்கப்பட்ட கார்களுக்கு மட்டும் ஜிஎம் கனடாவிடம் பதிவு கிடைக்கும். மற்றவற்றுக்கு ‘பில்ட் ஷீட்’ என்ற தொழிற்சாலைத் தாள்தான் கதி. பெட்ரோல் டாங்கின் மேலும், சீட் ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலும் செருகிக் கிடந்து, பழுப்பேறி, எலி கடித்து வெளிவரும் தாள் அது. புத்தம்புதிதாகப் பிரின்ட் போட்ட பில்ட் ஷீட்டும் சந்தையில் உலவுகிறது. தாளைக் காட்டினால் போதாது, அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

டாட்ஜ், பிளைமவுத் கார்களில் வின் நம்பரே நிறையச் சொல்லிவிடும். 1970 ஹெமி குடாவின் நம்பர் ‘பிஎஸ்23ஆர்’ என்று தொடங்கும். அதில் ‘ஆர்’ என்றால் 426 ஹெமி. ‘பிஎச்’ என்று தொடங்கினால் அது சாதாரண பாராகுடா. அப்படியானால் இங்கே மோசடி இல்லையா? இருக்கிறது, இன்னும் ஆபத்தான வடிவில். 1971-இல் ஹெமி இன்ஜினோடு செய்த குடா கன்வர்ட்டிபிள்கள் மொத்தமே 11. அவற்றில் ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு சிறு தகரத்துண்டில் இருக்கும் நம்பருக்கு இவ்வளவு மதிப்பு என்றால், அந்தத் தகரத்துண்டையே பெயர்த்து வேறு உடம்பில் அறையும் ஆசை சிலருக்கு வரத்தான் செய்யும். வின் தகட்டை மோசடிக்காகப் பெயர்ப்பதும் திருத்துவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கார் உங்கள் பெயருக்கு வந்தபின் போலீஸ் கண்டுபிடித்தால் காரைக் கொண்டுபோய்விடுவார்கள். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது நிஜமாக இருந்தாலும் பணம் திரும்பாது. டேஷ்போர்டில் நம்பர்த் தகட்டைப் பிடித்திருக்கும் பூவடிவ ரிவெட்டுகள் கீறலில்லாமல் இருக்கின்றனவா, ரேடியேட்டர் தாங்கியில் அடித்திருக்கும் பகுதி நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மஸ்டாங்கில் பானட்டைத் திறந்தால் உட்புற ஃபெண்டர் தகட்டில் நம்பர் அடித்திருக்கும்.

இனி ‘நம்பர்ஸ் மேட்சிங்’. இந்த இரண்டு சொல்லுக்காக மனிதர்கள் பல்லாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த அதே இன்ஜின் இன்றும் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 1968 முதல் இன்ஜின் பிளாக்கிலும் வின் நம்பரின் ஒரு பகுதியை அடித்தார்கள். அதைக் காரின் நம்பரோடு ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. பிளாக்கின் அந்த முகத்தை வழித்துத் தேய்த்துவிட்டு, காருக்குப் பொருத்தமான நம்பரைப் புதிதாக அடிக்கும் ‘ரீஸ்டாம்ப்’ வேலை பல காலமாக நடக்கிறது. செவர்லே பிளாக்கில் அந்த முகம் தொழிற்சாலையில் இழைக்கப்பட்டபோது மெல்லிய இணைகோடுகள் பதிந்திருக்கும். அந்தக் கோடுகள் இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, வட்டக் கீறல்கள் தெரிந்தாலோ, எழுத்துகள் கோணலாக நின்றாலோ சந்தேகப்படுங்கள். இன்னொன்று, பிளாக்கில் அது வார்க்கப்பட்ட தேதி புடைப்பெழுத்தில் இருக்கும். பிப்ரவரியில் பூட்டி முடித்த காருக்குள் மார்ச்சில் வார்த்த இன்ஜின் எப்படி வரும்? விற்பவரிடம் வாதம் பண்ணவேண்டியதில்லை, தேதியே பேசிவிடும்.

விளம்பர மொழியையும் உன்னிப்பாகப் படியுங்கள். ‘டேட்-கோட் கரெக்ட்’ என்றால் அதே காலத்து இன்ஜின், ஆனால் அந்தக் காரோடு பிறந்த இன்ஜின் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். ‘ட்ரிப்யூட்’, ‘குளோன்’ என்றால் சாதாரணக் காரை உயர்ந்த மாடல் போல மாற்றியிருக்கிறார்கள். இப்படி வெளிப்படையாகச் சொல்லி விற்பவரை நான் மதிக்கிறேன். ஓட்டுவதற்கும் ரசிப்பதற்கும் கார் தேடுகிறவருக்கு நேர்மையான குளோன், குளோன் விலையில், மிக நல்ல தேர்வு என்பது என் கட்சி. மழை வந்தால் பயமில்லை, பார்க்கிங்கில் கீறல் விழுந்தால் மாரடைப்பு வராது, பிரேக்கை நவீனமாக மாற்றினால் மதிப்புப் போகுமே என்ற கவலை இல்லை. குளோனுக்கு ஒரிஜினல் விலை கொடுப்பதுதான் கொடுமை.

நம்பர் சரி என்று ஆனபின் துரு. மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு ஐம்பது வருடமாகத் தின்ற கார், பட்டி வைத்து மெழுகி, பளபளவென்று பெயின்ட் அடித்து, டெக்சஸ் வெயிலில் நின்று படத்துக்குப் போஸ் கொடுக்கும். மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பின்சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, டிக்கி ஓரம், பின்கண்ணாடிக்குக் கீழே என்று வைத்துப் பாருங்கள்; பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கூரைக்கு வினைல் போர்த்திய கார் என்றால் அதன் அடியில் தண்ணீர் தேங்கித் தகரத்தை அரித்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்றுத்துளைகளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே சொட்டினால், சரிசெய்ய முன்பாகத்தின் பாதியைப் பிரிக்கவேண்டி வரும். அந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். அடித்தளத்தில் துரு ஏறினால் காரின் முதுகெலும்பிலேயே துரு. லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைக் காட்ட மாட்டேன் என்பவரிடம் கார் வாங்காதீர்கள். வேறு மாநிலத்தில் இருக்கிறது, போக முடியவில்லை என்றால், அந்த ஊரிலேயே பழைய கார்களைப் பரிசோதிக்கும் ஆளை நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

உயிருக்கான எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 1967 மாடலுக்கு முந்தைய பல கார்களில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1970 வரையிலான மஸ்டாங்கில் பெட்ரோல் டாங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. பின்னாலிருந்து பலமாக இடித்தால் பெட்ரோல் உள்ளே வர இடமிருக்கிறது. முன்சீட்டுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானதே 1968-இல்தான். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகும் எண்ணம் இருந்தால் இரட்டைச் சுற்று பிரேக், டிஸ்க், தோள் பெல்ட், டாங்குக்கும் சீட்டுக்கும் நடுவே எஃகுத் தகடு ஆகியவற்றுக்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். டயரில் பட்டன் அழியாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம். அந்த டயரில் வீடுவரை கூட ஓட்டக்கூடாது.

‘பழைய வரலாற்றை ஆன்லைனில் பார்த்துவிட்டேன், விபத்தே இல்லை’ என்று நிம்மதியடைபவர்கள் இருக்கிறார்கள். இன்றைய 17 இலக்க வின் நம்பர் வந்தது 1981 மாடல் வருடத்தில். கார்களின் வரலாற்று அறிக்கைகள் அதை வைத்தே இயங்குகின்றன. 1969 காருக்கு அங்கே ஒன்றும் வராது. ஒன்றும் வராதது குறையில்லாததற்குச் சான்று ஆகாது.

பழசே வேண்டாம், புதுசாகவே வாங்குகிறேன் என்கிறீர்களா? அங்கேயும் உஷார். 2023 முடிந்து 2024 பிறக்கும் வேளையில் வி8 சேலஞ்சரும் கமாரோவும் தயாரிப்பிலிருந்து நின்றுபோயின. மஸ்டாங் மட்டும் தொடர்கிறது. ஆகவே நின்றுபோனவற்றுக்குப் பழைய கார் சந்தையில் கிராக்கி. திருடர்களிடமும் கிராக்கி. காப்பீட்டுத் துறையின் ஆய்வு அமைப்பான ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் கார்களுக்கான திருட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள் சராசரிக் காரைவிட 60 மடங்குக்கும் அதிகம் என்று வந்தது. திருடிய கார் எங்கே போகிறது? போலி நம்பர் மாட்டி, போலி டைட்டிலோடு, அதாவது போலி உரிமைப் பத்திரத்தோடு, உங்களைப் போன்ற ஒருவரிடம் வருகிறது. முன்கண்ணாடியில் உள்ள நம்பர், கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள நம்பர், ஸ்கேன் கருவி வைத்தால் காரின் கம்ப்யூட்டர் சொல்லும் நம்பர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நேஷனல் இன்சூரன்ஸ் கிரைம் பீரோ என்ற அமைப்பின் ‘வின்செக்’ சேவையில் இலவசமாகவே பார்க்கலாம். ஹெல்கேட் என்றால் சிவப்புச் சாவி, கறுப்புச் சாவி இரண்டையும் கேளுங்கள். முழு சக்தி சிவப்பில்தான். சாவி தொலைந்துவிட்டது என்ற கதையை நம்பி விலையைப் பேசாதீர்கள். வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு மாதம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். 707 குதிரைசக்திக் காருக்கு இருபத்தைந்து வயதுப் பையனிடம் அவர்கள் கேட்கும் தொகையைக் கேட்டு, அங்கேயே மனம் மாறினவர்கள் உண்டு.

பழைய காருக்குக் காப்பீடு எடுக்கும்போது ‘அக்ரீட் வேல்யூ’ (முன்பே ஒப்புக்கொண்ட மதிப்பு) என்று பாலிசியில் எழுத்தில் இருக்கட்டும். ‘ஸ்டேட்டட் வேல்யூ’ என்பது வேறு. கார் முழுதாக நாசமானால் நீங்கள் சொன்ன தொகைக்குக் குறைவாகக் கொடுக்க அதில் வழி இருக்கிறது.

பணம் கைமாறும் இடம் கடைசிக் கண்ணி. ‘ராணுவத்தில் இருக்கிறேன், வெளிநாடு போகிறேன், அதனால்தான் மலிவு’, ‘எஸ்க்ரோ நிறுவனம் பார்த்துக்கொள்ளும், இந்த லிங்க்கில் கட்டுங்கள்’ என்று வந்தால் கார் என்ற ஒன்றே இல்லாமல் இருக்கலாம். இரு தரப்புக்கும் நடுவில் பணத்தைப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ நிறுவனத்தை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவர் அனுப்பிய லிங்க்கில் போகக்கூடாது. விற்பவரின் பெயரும் டைட்டிலில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் அவருடைய வங்கிக் கிளையிலேயே சந்தித்து, டைட்டிலை வாங்கிக்கொண்டு காசோலையைக் கொடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டு இப்போது வயிற்றைக் கலக்குகிறது என்றால், விற்பவருக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காதீர்கள். இந்த நிமிடமே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட்டுப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது, நாள் போனால் அது சுருங்கிவிடும். அப்புறம் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்தில் பதிவு செய்யுங்கள், உள்ளூர் போலீசிலும் எழுதிக் கொடுங்கள். விளம்பரம், படங்கள், மெசேஜ்கள், அவர் கொடுத்த வின் நம்பர் எதையும் அழிக்காதீர்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அதே காரின் அதே படங்களோடு அடுத்த விளம்பரம் இந்நேரம் வேறொரு பையனுக்குப் போயிருக்கும்.